அரைக்கட்டை இறக்கிக்கலாமா?

வைகாசி, ஆவணி, தை மாதங்களில், நல்ல முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் எந்த ஊர்க் கல்யாண மண்டபத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். மணமக்கள் நிற்கும் மேடைக்குப் பக்கவாட்டில், அலங்காரக்காரர் பூ வைத்தது போக மிச்சமிருக்கும் இடத்தில், ஏழெட்டுப் பேர் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். கீபோர்டுக்காரர் திங்கட்கிழமை காலையானால் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் கணக்குப் பார்ப்பவர். பேடு அடிப்பவர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். தபேலா, அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பாடுகிற அம்மா தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நைட் ட்யூட்டியை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பேஸ் கிட்டாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சுவரோரமாக நிற்பவன் பத்திரிகையில் எழுதிப் பிழைப்பவன். அது நான்தான்.

பின்னால் தொங்கும் பேனரில் மழை, தென்றல், சாரல் என்று வானிலை அறிக்கை மாதிரி ஒரு பெயர் இருக்கும். மெல்லிசைக் குழு என்பார்கள், ஆர்கெஸ்ட்ரா என்பார்கள், வயதானவர்கள் 'பாட்டுக் கச்சேரி' என்பார்கள். சினிமாவில் வாசிப்பவர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இது சினிமாவில் வாசிக்காதவர்களைப் பற்றியது. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வேலை, வாசிப்பதற்கு ஒரு சனிக்கிழமை என்று வாழ்கிற அமெச்சூர் கலைஞர்கள். வேனில், டீக்கடையில், கடைசிப் பந்திக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அவர்கள் பேசிக்கொள்வதில் பாதியைத்தான் இங்கே எழுத முடியும். மீதி பாதி, போன வாரம் சுருதி விட்ட பாடகரைப் பற்றியது.

பன்னிரண்டு இடம்

முதலில் கட்டை. ஸி என்றால் ஒரு கட்டை, ஸி ஷார்ப் ஒன்றரை, டி இரண்டு என்று ஏறி, பி-யில் ஏழு கட்டையோடு முடிந்துவிடும். எண்ணினால் பன்னிரண்டே இடம்தான். மேடையில் நடக்கும் சண்டை, சமாதானம், கெஞ்சல், பழிவாங்கல் அத்தனையும் இந்தப் பன்னிரண்டுக்குள் அடக்கம். பாடகர் வந்து உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "அரைக்கட்டை இறக்கிக்கலாமா?"

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஸ்டூடியோவில் எஸ்.பி.பி. ஒரு பாட்டுக்கு முழு மூச்சையும் கொடுத்தார். இவர் மூன்று மணி நேரத்தில் இருபது பாட்டு பாட வேண்டும். அதில் நாலு பாட்டு டி.எம்.எஸ்., நாலு பாட்டு யேசுதாஸ், இரண்டு மலேசியா வாசுதேவன். பகலெல்லாம் கவுன்ட்டரில் உட்கார்ந்து கத்திவிட்டு வந்த தொண்டை. மேலே ஏ.சி., கையில் யாரோ கொடுத்த ஐஸ்கிரீம்.

ஆனால், அவர் வாயால் கேட்கிற அரைக்கட்டை எங்கள் பக்கம் வந்து சேரும்போது வேறு கதை. கீபோர்டுக்காரருக்கு டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது. அமுக்கினால் முடிந்தது, முகத்தில் சலனமே இருக்காது. கிட்டார்காரருக்குத் திறந்த தந்தியில் அழகாக விழுந்த கார்டெல்லாம் போச்சு. கேப்போவை மாட்டினால் ஏற்றத்தான் முடியும், இறக்க முடியாது. புல்லாங்குழல்காரர் பையைப் பிரித்து வேறு குழலைத் தேடுவார், ஏனென்றால் கட்டைக்கு ஒரு குழல். தபேலாக்காரர் பாடுதான் பெரும்பாடு. வலது தபேலா ஒரு சுருதியில்தான் நிற்கும். அதனால் அவர் மூன்று நான்கு தபேலாவைச் சுமந்துகொண்டு வருவார், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கட்டையில். பாட்டுக்குப் பாட்டு நடுவில் அறிவிப்பாளர் மணமக்களை வாழ்த்திக்கொண்டிருக்கும்போது 'டக் டக்' என்று ஒரு சின்னச் சுத்தியல் சத்தம் கேட்கிறதே, அது அவர்தான். மைக்கில் பேசுபவர் எரிச்சலோடு திரும்பிப் பார்ப்பார். தபேலாக்காரர் நிமிர மாட்டார்.

இதெல்லாம் எங்கள் ஆளே பாடும்போது. மாப்பிள்ளையின் காலேஜ் சிநேகிதன் மேடை ஏறுவது தனி ரகம். "ஒரே ஒரு பாட்டு அண்ணா" என்பான். என்ன கட்டை என்று கேட்டால், "ஒரிஜினல் கட்டைதான்" என்பான். கேட்டு முடிப்பதற்குள் பல்லவியை எடுத்துவிடுவான்.

அந்த நேரத்தில் நீங்கள் பையனைப் பார்க்காதீர்கள், குழுவைப் பாருங்கள். கீபோர்டுக்காரர் வால்யூமை அடியோடு குறைத்துவிட்டு ஒற்றை விரலால் தேடுகிறார். நாலா? இல்லை. நாலரையா? அதுவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். அப்படி ஒரு கட்டையே கிடையாது. பேடுக்காரர் எதையும் கெடுத்துவிடாமல் வெறும் ஹை-ஹாட்டை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கிறார், தாளம் ஓடவாவது வேண்டுமே என்று. தபேலாக்காரர் இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்க்கிறார். நான் தந்தி மேல் விரலை வைத்துக்கொண்டு கீபோர்டுக்காரரின் இடது கையையே பார்க்கிறேன். மூன்றாவது வரியில் பையன் மணமகனைப் பார்த்து உணர்ச்சிவசப்பட்டுக் கொஞ்சம் ஏறி, நாலரைக்கே வந்து சேர்கிறான். கீபோர்டுக்காரரின் புருவம் லேசாக உயர்கிறது. அவ்வளவுதான் சிக்னல். எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே இறங்குகிறோம். பாட்டு 'ஜம்'மென்று எழுந்து நிற்கிறது. கூட்டம் கைதட்டுகிறது, பையனுக்கு.

இரண்டாவது பி.ஜி.எம். பாதியில் இருக்கும்போதே அவன் சரணத்தை எடுப்பான் என்பதும் எங்களுக்குத் தெரியும். மிச்ச பி.ஜி.எம்.மை முழுங்கிவிட்டு அவனோடு தாவ வேண்டும். தாவுவோம். மண்டபத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

என்னைக் கேட்டால், இந்தத் தொழிலில் (தொழில் என்று சொல்லலாமா என்பதைப் பிறகு பார்ப்போம்) உண்மையான திறமை இந்த ஒன்றரை நிமிடத்தில்தான் இருக்கிறது. ஆனால், நாங்களே அதைத் திறமையாக மதிப்பதில்லை. நாங்கள் பெருமைப்படுவது வேறொன்றுக்கு.

கேசட்டில் இருக்கிற மாதிரி

"அச்சு அசல் கேசட்ல இருக்கிற மாதிரியே இருந்துச்சு." ஒரு மெல்லிசைக் குழுவுக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கக்கூடிய உச்சபட்சப் பாராட்டு இதுதான்.

தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்ற காலம் பலருக்கு நினைவிருக்கும். அதில் வரிகள்தான் இருக்கும். இசை? சினிமாப் பாட்டுக்கு இசையமைப்பாளர் எழுதிய நோட்டேஷன் ஸ்டூடியோவோடு சரி. இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மேற்கத்திய முறையில் தனித்தனியாக எழுதிக் கொடுப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தாள்கள் கடையில் விற்பனைக்கு வந்ததில்லை. ஆக, மதுரையிலும் மார்த்தாண்டத்திலும் மேட்டூரிலும் இருந்த ஒவ்வொரு குழுவும் அதே பாட்டைக் காதால் கேட்டுக் கேட்டு, புதிதாக ஒருமுறை எழுத வேண்டியிருந்தது. ஒரே பாட்டு, ஊர் ஊராக, நூற்றுக்கணக்கான முறை.

பதிவுக் கடையில் சிக்ஸ்டியோ நைன்டியோ கேசட்டில் பாட்டை ஏற்றிக்கொண்டு வந்து, ரீவைண்ட் பட்டன் தேயும்வரை கேட்பார்கள். டேப் ரெக்கார்டரில் பேட்டரி இறங்கினால் பாட்டும் இறங்கும். மோட்டார் தேய்ந்த டேப்பில் ஒன்றரைக் கட்டைப் பாட்டு ஒரு கட்டைக்கும் ஒன்றரைக்கும் நடுவில் எங்கோ ஓடும். வீட்டுக்கு ஒரு கட்டை. எந்தப் பாட்டு எந்தக் கட்டை என்று வருஷக்கணக்காகச் சண்டை போட்ட குழுக்கள் உண்டு. இப்போது யூடியூப்பில் வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம், கட்டையைச் சொல்ல ஆப் இருக்கிறது. அந்தச் சண்டைகள் தீர்ந்துவிட்டன. பழைய ஆட்களுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கேட்டதை எழுதிவைக்கும் நோட்டு ஒன்று ஒவ்வொருவரிடமும் இருக்கும். சர்ச் கொயரில் வளர்ந்தவர் என்றால் ஐந்து கோட்டில் எழுதியிருப்பார். தமிழ்நாட்டின் கிட்டார், டிரம்ஸ், கீபோர்டு ஆட்களில் கணிசமானோருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைதான் முதல் பள்ளிக்கூடம். கர்நாடக சங்கீதம் கற்றவர் ஸரிகமவில் எழுதுவார். எதுவும் கற்காதவர்தான் அதிகம். அவர்கள் நோட்டு அவர்களுக்கு மட்டுமே புரியும். எங்கள் குழுவில் முன்பு வாசித்த கிட்டார்காரர் ஒருவர் எல்லாவற்றையும் ஃப்ரெட் நம்பரில் எழுதுவார். பார்த்தால் லாட்டரி முடிவு என்றுதான் நினைப்பீர்கள். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' அந்த நோட்டில் மூன்று பக்கம். அந்தப் பாட்டின் முகப்பை வாசிக்காமல் எந்தக் கிட்டார்காரரையும் எந்தக் குழுவும் சேர்த்துக்கொள்ளாது. அது எழுதப்படாத நுழைவுத் தேர்வு.

இப்படிக் கேட்டதில் இன்னொன்றும் நடந்தது. கேசட் அட்டையில் பாடகர் பெயர் இருக்கும், கவிஞர் பெயர் இருக்கும், வாசித்தவர் பெயர் இருக்காது. ஆனால் குழுக்காரர்களுக்குத் தெரியும். கீபோர்டு விஜி மானுவேல், டிரம்ஸ் புருஷோத்தமன், வயலின் வி.எஸ். நரசிம்மன், கிட்டார் சந்திரசேகர், புல்லாங்குழல் நெப்போலியன். அந்த நெப்போலியன்தான் அருண்மொழி என்ற பெயரில் பாடவும் செய்தார் என்பது பொது ஜனத்துக்குத் தெரிவதற்கு வெகுகாலம் முன்பே வேனில் பேசித் தீர்த்த விஷயம். சினிமா ரசிகர் நடிகரைத் தெரிந்துவைத்திருப்பார், இசை ரசிகர் பாடகரைத் தெரிந்துவைத்திருப்பார். இரண்டாவது பி.ஜி.எம்.மின் நாலாவது பாரில் பேஸ் ஏன் ஒரு இடம் தள்ளி விழுகிறது என்று யோசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் இந்த ஃபிட்டரும் வாத்தியாரும் கிளார்க்கும்தான். தமிழ் சினிமா இசையை இவர்களைவிட நெருங்கிக் கேட்டவர்கள் யாரும் இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

அந்தப் பெருமையிலேயே எங்களுக்கான ஆப்பும் இருந்தது.

இருபது பேர் ஏழு பேரான கதை

பழைய கறுப்பு-வெள்ளைப் போட்டோக்களில் மெல்லிசை மேடையைப் பாருங்கள். வயலின் நாலு பேர், அக்கார்டியன், டிரம்பெட், புல்லாங்குழல், மாண்டலின், தபேலா இரண்டு, டோலக், பாங்கோஸ், காங்கோ, டிரம்ஸ், கோரஸுக்கு நாலு பெண்கள். இருபது பேருக்குக் குறையாது. வேன் போதாது, மினி பஸ் வேண்டும். அத்தனை பேருக்கும் டிபன், சாப்பாடு, பேட்டா.

ரோலண்ட் கம்பெனியின் ஆக்டபேட் 1985-இல் வந்தது. எட்டு ரப்பர் சதுரம். குச்சியால் தட்டினால் ஒன்றில் டோலக், ஒன்றில் காங்கோ, ஒன்றில் கைதட்டல். அது நம்மூர் மேடைகளுக்கு வந்து சேர்ந்ததும் ரிதம் பகுதியில் நாலு நாற்காலி காலி. பின்னாலேயே வந்த கீபோர்டுகளில் வயலின் கூட்டமும் டிரம்பெட்டும் புல்லாங்குழலும் பேட்ச் நம்பராக மாறின. 'தளபதி'யின் 'ராக்கம்மா கையத் தட்டு' நடுவில் வருமே வயலின் பிரளயம், அதை ஒரே ஆள் வலது கையால் சமாளிக்கப் பழகினார். அப்புறம் ஆட்டோ ஸ்டைல். இடது கையால் கார்டு பிடித்தால் டிரம்ஸும் பேஸும் தானாக வரும். பேஸ் கிட்டார்காரன் என்ற முறையில் அதைப் பற்றி நான் அதிகம் பேசாமல் இருப்பது நல்லது. இன்றைக்கு யமஹா சென்னைக்குப் பக்கத்திலேயே 2019 முதல் தொழிற்சாலை வைத்துக் கீபோர்டு தயாரிக்கிறது. வாடகைக்குக்கூட ஆர்மோனியம் கிடைக்காத ஊரில் பள்ளிக்கூடப் பையன் கையில் கீபோர்டு இருக்கிறது. அது நல்லதுதான், மறுக்கவில்லை.

கடைசியாக வந்தது பென்டிரைவ். மைனஸ் ஒன், கரோக்கி, டிராக் என்று பல பெயர். பாடகர் குரலை மட்டும் எடுத்துவிட்டு மிச்ச இசை அப்படியே. இரண்டு பாடகர், ஒரு லேப்டாப், ஒரு சவுண்ட் செட்டுக்காரர். செலவு நாலில் ஒரு பங்கு. மேடையில் இடமும் மிச்சம். அங்கே செல்ஃபி பூத் வைத்துக்கொள்ளலாம்.

இதைப் பற்றிக் கலைஞர்கள் மத்தியில் இரண்டு கட்சி. "பாடகனுக்கு அசல் இசையே கிடைக்கும்போது எங்க உளறலை ஏன் கேக்கணும்?" என்று மனசாட்சியோடு பேசுகிறவர்களும் உண்டு. இளைய பாடகர்களும் இந்தக் கட்சிதான். ரிகர்சல் வேண்டாம், 'இன்னைக்கு டிரம்மர் வரலை' என்ற தலைவலி வேண்டாம். இன்னொரு கட்சி, பேனரில் ஆர்கெஸ்ட்ரா என்று போட்டுவிட்டு மேடையில் வாசிப்பதுபோல் கையை ஆட்டும் குழுக்களைத் திட்டித் தீர்ப்பவர்கள். கீபோர்டில் வயர்கூடச் செருகியிருக்காது என்பார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

எனக்குப் படுவது இது. கேசட்டில் இருப்பதுபோலவே வாசிப்பதுதான் உயர்வு என்று நாற்பது வருஷம் ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள். அந்தப் போட்டியில் கேசட்டே நேரில் வந்து நின்றால் தோற்பது யார்? பென்டிரைவை மண்டபத்துக்குள் கூட்டிக்கொண்டு வந்தது எங்கள் அச்சு அசல் பெருமைதான். ஆனால் பென்டிரைவுக்கு ஒன்று வராது. மாப்பிள்ளையின் சிநேகிதன் தப்பான கட்டையில் ஆரம்பித்தால் அது காத்திருக்காது. பெண்ணின் பாட்டி மேடை ஏறி இரண்டு வரி பாட ஆசைப்பட்டால் அரைக்கட்டை என்ன, இரண்டு கட்டைகூட நாங்கள் இறங்குவோம். கட்டையை மாற்றும் வசதி லேப்டாப்பிலும் இருக்கிறதுதான், ஆனால் பாட்டி மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் அதுவும் நிற்குமா என்ன? சின்ன விஷயம். வரவேற்பு நிகழ்ச்சி என்பதே அந்த மாதிரிச் சின்ன விஷயங்களால் ஆனதுதான்.

யார் வயிற்றில் யார் அடிப்பது

இனி, எங்களுக்குப் பிடிக்காத பேச்சு. முழுநேரக் கலைஞர்கள் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்?

நேராகவே சொல்வார்கள். "உனக்கு மாசம் பொறந்தா சம்பளம் வந்துடும். வேன் காசும் சாப்பாடும் கொடுத்தா போதும்னு வந்து வாசிச்சுட்டுப் போயிடுற. அப்புறம் பார்ட்டி எங்ககிட்ட வந்து, அவங்க இவ்வளவுக்குத்தானே வந்தாங்கன்னு கேக்குறான்." பார்ட்டி என்றால் கச்சேரி வைக்கிறவர். இதில் நியாயம் இருக்கிறது. அமெச்சூர் குழு வாங்கும் தொகை பெரும்பாலும் சவுண்ட் செட் வாடகைக்கும் வண்டிக்கும் பாடகிக்கும் போய்விடும். மிச்சத்தைப் பிரித்தால் ஆளுக்கு ஒரு பெட்ரோல் செலவு. கீபோர்டு வாங்கிய கடன் தனியாக ஓடிக்கொண்டிருக்கும்; அதைப் பற்றி வீட்டில் பேச்சு எடுக்கக் கூடாது. ஆசைக்கு வாசிப்பவன் குறைத்து வாங்குவது, பிழைப்புக்கு வாசிப்பவனின் விலையைக் குறைக்கிறது என்பதுதான் கணக்கு.

2020-இல் கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் என்று கட்டுப்பாடு வந்து மண்டபங்கள் மூடிக் கிடந்தபோது இந்த வித்தியாசம் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. எங்களுக்குச் சனிக்கிழமைகள் போயின. அவர்களுக்குச் சோறு போனது. ஆக்டபேடையும் ஆம்ப்ளிஃபயரையும் விற்றவர்கள் உண்டு, காய்கறி வண்டி தள்ளியவர்கள் உண்டு. அதே வருஷம் செப்டம்பரில் எஸ்.பி.பி. இறந்தார். மேடைக் கலைஞர்களுக்கு அது வெறும் பாடகரின் சாவு அல்ல. தமிழ்நாட்டு மெல்லிசை மேடையின் பாட்டுப் பட்டியலில் சரிபாதி அவருடையது.

அதனால் சில குழுக்களில் இப்போது ஒரு வழக்கம். கல்யாண மாதத்தில் முழுநேரக் குழு போட்டியிடும் ஊரில் அமெச்சூர்கள் விலை குறைத்துக் கேட்பதில்லை. கோயில் விழா, ஆபீஸ் ஆண்டு விழா, முதியோர் இல்லம், நண்பர் வீட்டு விசேஷம் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். எல்லாக் குழுவும் அப்படி இல்லை. இருந்தால் நன்றாக இருக்கும்.

பாடகிக்கு எத்தனை குரல்

ஆண் பாடகர் இரண்டு பேர் இருப்பார்கள், ஒருத்தர் எஸ்.பி.பி., ஒருத்தர் டி.எம்.எஸ். என்று பங்கு பிரித்துக்கொள்ளலாம். பாடகி ஒருத்தர்தான். சுசீலா, ஜானகி, எல்.ஆர். ஈஸ்வரி, வாணி ஜெயராம், சித்ரா, ஷ்ரேயா கோஷல் எல்லாம் அவரேதான். ஜானகி குழந்தைக் குரலில் பாடியதையும் அவரே பாட வேண்டும். நல்ல பாடகி கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே ஒரே பாடகி மூன்று நான்கு குழுக்களில் பாடுவார், முகூர்த்த நாளில் அவர் தேதிக்காக அடிதடி நடக்கும்.

மேடைக்கு வெளியே அவர் சுமப்பது வேறு. ராத்திரி பதினொரு மணிக்கு வேன் கடைசியாக அவர் வீட்டு வாசலில் நிற்கும். தெரு எட்டிப் பார்க்கும். பல பேர் அப்பாவையோ கணவரையோ தம்பியையோ கூட அழைத்து வருவார்கள். கல்யாணம் ஆனதும் பாட்டை நிறுத்தியவர்கள் கணக்கு எடுத்தால் தாங்காது. வாத்தியம் வாசிக்கும் பெண்கள் மெல்லிசை மேடையில் இன்றும் அபூர்வம்தான். தம்பதியாகவே குழு நடத்திய ஏ.வி. ரமணன்-உமா ரமணன் ஜோடியின் 'மியூசியானோ' அந்தக் காலத்தில் ஏன் அவ்வளவு பேருக்கு ஆதர்சமாக இருந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மேடையில் பாடிக்கொண்டிருந்த உமா ரமணன்தான் 1980-இல் 'நிழல்கள்' படத்தில் 'பூங்கதவே' பாடினார்.

சட்டத்தில் எங்களுக்கு ஒரு வரி

கச்சேரிக்காரர்களைக் கேட்டால் சட்டம் என்றால் ராத்திரி பத்து மணி. ஒலி மாசு விதிகள், 2000-த்தின்படி ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். ஆடி மாதம் அம்மன் கோயில் தெருவில் பந்தல் போட்டு நடக்கும் கச்சேரியில், ஒன்பதே முக்காலுக்கு ஓரமாக வந்து நிற்கும் ஏட்டையாவைப் பார்த்ததும் பாட்டின் வேகம் தானாகக் கூடும். மூன்று சரணம் உள்ள பாட்டு இரண்டு சரணத்தோடு முடியும்.

அதைவிடச் சுவாரஸ்யமானது காப்புரிமை. 2017 மார்ச்சில் அமெரிக்காவில் சுற்றுப்பயணத்தில் இருந்த எஸ்.பி.பி.க்கு இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போன செய்தி வந்ததும், மண்டபத்து மேடைகளில் பெரிய பீதி. அவருக்கே நோட்டீஸ் என்றால் நமக்கு? உண்மையில் 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் எங்கள் மாதிரி ஆட்களுக்கு இடம் இருக்கிறது. அமெச்சூர் மன்றமோ சங்கமோ, கட்டணம் வாங்காமல் பார்வையாளருக்கு வாசித்தாலோ, சமய நிறுவனத்தின் நன்மைக்காக வாசித்தாலோ அது காப்புரிமை மீறல் ஆகாது. கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் வாசிப்பதற்கும் அதே பிரிவில் விலக்கு உண்டு. டிக்கெட் போட்டு விற்கும் கச்சேரி என்றால் உரிமம் வாங்கத்தான் வேண்டும், அது நியாயமும்கூட. இசையமைத்தவர் பெயரை அறிவிப்பாளர் ஒவ்வொரு பாட்டுக்கும் சொல்ல வேண்டும் என்று சட்டம் வற்புறுத்தினால் இன்னும் சந்தோஷப்படுவேன். பாதி மேடைகளில் கதாநாயகன் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

சினிமாவுக்குப் போகலையா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. கேட்பதற்குக் காரணமும் இருக்கிறது. பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியத்தோடு சுற்றியவர்தான் 1976-இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைத்தார். எஸ்.பி.பி. நடத்திய மெல்லிசைக் குழுவில் வாசித்தவர்கள் இளையராஜா, பாஸ்கர், கங்கை அமரன். அப்பா ஆர்.கே. சேகர் இறந்த பிறகு அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் காலம் தள்ளிய குடும்பத்துப் பையன், சிவமணி, ஜான் ஆன்டனி போன்ற நண்பர்களோடு 'ரூட்ஸ்' என்ற பேண்டில் வாசித்தவன், 1992-இல் 'ரோஜா' கொடுத்தான். 1979-இல் வந்த 'நினைத்தாலே இனிக்கும்' பார்த்துவிட்டுக் கிட்டார் வாங்கிய தலைமுறை ஒன்று உண்டு. அதில் கமலும் ரஜினியும் சிங்கப்பூர் போகும் பேண்டுக்காரர்கள்.

இந்தக் கதைகளை எல்லாக் குழுவும் மனப்பாடமாக வைத்திருக்கிறது. ஆனால் வேனில் பேசுபவர்கள் கேட்பது வேறு கேள்வி. வாரம் முழுக்க நகைக்கடன் கணக்குப் பார்த்துவிட்டு வாசிப்பதற்காகவே சனிக்கிழமைக்குக் காத்திருப்பவரிடம், அதையே திங்கள் முதல் வெள்ளி வரை பிழைப்பாகச் செய்யச் சொன்னால் அவர் சந்தோஷப்படுவாரா? எங்கள் கீபோர்டுக்காரர் கொஞ்சகாலம் விளம்பரப் படங்களுக்கு வாசிக்கப் போனார். முப்பது விநாடிக்கு ஒரு பிட்டை நாற்பது தடவை மாற்றச் சொன்னார்களாம். திரும்பி வந்துவிட்டார். "இங்க யாருமே கேக்கறதில்ல. அதுவே நிம்மதி" என்றார்.

யாருமே கேட்பதில்லை என்பது முழுக்க உண்மையும் இல்லை. வரவேற்பில் எல்லோரும் வரிசையில் நின்று மொய்க் கவர் கொடுத்து, போட்டோ எடுத்து, பந்திக்கு ஓடுகிறார்கள்தான். வீடியோகிராபர் கையைக் காட்டினால் பல்லவி நடுவில் நிறுத்த வேண்டியிருக்கிறதுதான். ஆனால் ஒவ்வொரு மண்டபத்திலும் நாலாவது ஐந்தாவது வரிசையில் ஒரு ஆள் இருப்பார். வழக்கமாக ஐம்பதைத் தாண்டியவர், தனியாக உட்கார்ந்திருப்பார், சாப்பிடப் போக மாட்டார். பாட்டின் நடுவில் வரும் புல்லாங்குழலுக்கு அவர் தலை, குழல் வருவதற்கு அரை நொடி முன்பே திரும்பும். அந்த ஆளை நாங்கள் முதல் இரண்டு பாட்டுக்குள் கண்டுபிடித்துவிடுவோம். அப்புறம் கச்சேரி அவருக்குத்தான். கடைசியில் துண்டுச் சீட்டில் அவர் எழுதி அனுப்பும் பாட்டு எங்கள் நோட்டிலேயே இருக்காது. எந்த ரேடியோவும் போடாத ஏதோ ஒரு படத்துப் பாட்டு. கீபோர்டுக்காரர் சீட்டை ஒருமுறை பார்ப்பார், என்னை ஒருமுறை பார்ப்பார், "ரெண்டு கட்டைதானே?" என்பார்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அமெச்சூர் குழுவைக் கூப்பிடுவதாக இருந்தால், கூட வாசிப்பவன் என்ற சலுகையில் நாலு வார்த்தை. ஸ்பீக்கர் பாக்ஸைத் தாத்தா பாட்டி உட்காரும் வரிசைக்கு நேராக வைக்கச் சொல்லிவிட்டு அப்புறம் சத்தம் என்று ஆள் அனுப்பாதீர்கள். அலங்கார விளக்குக்கு ஒரு லைன், எங்களுக்கு ஒரு லைன் என்று கரண்ட்டைப் பிரித்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் பாட்டு முழுக்க 'உம்ம்' என்று கூடவே ஒரு சுருதி ஓடும். கச்சேரி ஆரம்பிப்பதற்கு முன்பே குழுவுக்கு ஒரு பந்தியில் இலை போட்டுவிடுங்கள். பதினொரு மணிக்குப் போனால் ரசமும் அப்பளத் தூளும்தான் மிஞ்சியிருக்கும், பாயசத்தைப் பற்றிக் கேள்விப்படத்தான் முடியும். பாடப்போகும் சிநேகிதர்களின் பட்டியலை முதல் நாளே அனுப்பினால் புண்ணியமாகப் போகும். அப்புறம் அந்த ஏ.சி. காற்று தபேலா மேல் நேராக அடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தோல் காய்ந்து சுருதி ஏறிவிடும். ஏறினால் வாத்தியார் சுத்தியலை எடுப்பார், வரவேற்புரை முழுக்க 'டக் டக்'தான்.